ஒரே ஒரு சம்பளம்: கட்டற்ற மென்பொருள் அமைப்பு முதலில் யாரை நியமிக்க வேண்டும்?

யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருளைத் தாங்கி நிற்கும் ஒரு லாப நோக்கற்ற அமைப்பின் நிர்வாகக் குழுவுக்கு உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் கூட்டத்திலேயே வரவு செலவுக் கணக்கு முன்னால் வந்துவிடுகிறது. 'இந்த வேலைக்கு மட்டும்தான்' என்று சொல்லி நன்கொடையாளர்கள் கொடுத்த பணத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், அமைப்பு தன் விருப்பப்படி செலவழிக்க மிஞ்சுவது ஒரு முழுநேர ஊழியரின் சம்பளம். யாரை எடுப்பது? நிரல் எழுதுபவரையா, மாநாடும் சந்திப்பும் நடத்தி ஆள் சேர்ப்பவரையா, கணக்கு வழக்கும் சட்டமும் பார்ப்பவரையா, நிதி திரட்டுபவரையா?

இத்தகைய அமைப்புகளின் தேர்தலில் நிற்பவர்கள் எழுதும் அறிக்கைகளில் பெரும்பாலும் நான்குமே இருக்கும். நான்கும் தேவைதான். ஆனால் சம்பளம் ஒன்றுதானே இருக்கிறது? எதற்குப் பிறகு எது என்று சொல்லாமல் விட்டால், வாக்களிப்பவருக்கும் புரியாது, ஜெயித்து வந்தவருக்கும் பிறகு வழி தெரியாது.

என் வரிசையை இப்போதே சொல்லிவிடுகிறேன். கணக்கும் அலுவலகமும் பார்ப்பவர் முதலில். பாதுகாப்புக்கும் பராமரிப்புக்கும் பொறுப்பேற்கும் நிரலர் அடுத்து. மாநாடு, சந்திப்புகளுக்கு ஆள் போட வேண்டாம், பணம் கொடுத்தால் போதும். சிறு சிறு தொகைகளாக, ஆனால் ஒரு வருஷம்கூட நிற்காமல். நிதி திரட்டத் தனி ஆள் கடைசியில்தான். இந்த வரிசைக்கு நான் வந்தது ஒரே ஒரு கேள்வியை வைத்து: சம்பளம் வாங்காத ஒருவர் இந்த வேலையைச் செய்துகொண்டிருந்து, நாளைக்கு 'என்னால் முடியவில்லை' என்று விலகினால், எத்தனை பேர், எவ்வளவு சீக்கிரம் அடிபடுவார்கள்?

நிரலருக்குச் சம்பளம்

பெரும்பாலானவர்கள் முதலில் கை காட்டுவது இங்கேதான். அதற்கான காரணமும் வலுவானது. 2014 ஏப்ரலில் வெளியே தெரிந்த ஹார்ட்பிளீட் ஓட்டையை நினைத்துப் பாருங்கள். வங்கித் தளமோ மின்னஞ்சலோ, பிரவுசரில் பூட்டுப் படம் தெரிகிற தளங்களில் பெரும்பகுதி அப்போது ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற நிரல்தொகுப்பை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று விசாரிக்க அதில் ஒரு சின்னச் செய்தி உண்டு: 'இந்தச் சொல்லைத் திருப்பி அனுப்பு, இதன் நீளம் இவ்வளவு' என்று ஒரு கணினி கேட்கும், மற்றது அனுப்பும். கேட்பவர் நீளத்தைப் பொய்யாகக் கூட்டிச் சொன்னால் சர்வர் அதைச் சரிபார்க்காது. சொன்ன நீளத்துக்குத் தன் நினைவகத்தில் பக்கத்தில் கிடப்பதையெல்லாம் அள்ளிக் கொடுத்துவிடும், ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை. அதில் கடவுச்சொல் இருக்கலாம், தளத்தின் ரகசியச் சாவியே இருக்கலாம். அந்த வரிகள் நிரலில் சேர்க்கப்பட்டது 2011 டிசம்பர் 31 அன்று. எழுதியவரும் கவனிக்கவில்லை, சரிபார்த்தவரும் கவனிக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் அப்படியே இருந்தது.

உலகத்தின் பூட்டையே செய்துகொண்டிருந்த அந்தத் திட்டத்தில் அப்போது முழுநேரமாக வேலை பார்த்தவர் ஒருவர்தான். அதற்கு நன்கொடையாக வந்துகொண்டிருந்தது ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர். விஷயம் வெடித்த பிறகு லினக்ஸ் ஃபவுண்டேஷன் ஒரு நிதியை அமைத்தது. பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் வீதம் மூன்று ஆண்டுகள் கொடுக்க முன்வந்தன. அதே நிறுவனங்கள்தான் அதற்கு முன்பும் அந்த நிரலை இலவசமாக எடுத்துப் பயன்படுத்திக்கொண்டிருந்தன.

பத்து வருஷம் கழித்து எக்ஸ்இசட் விவகாரம். கோப்புகளைச் சுருக்கும் சாதாரணக் கருவி அது. லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தில் ஓடும் கணினிகளில் எல்லா இடத்திலும் இருக்கும். நீண்ட காலமாக ஒரே ஒருவர், தன் ஓய்வு நேரத்தில், சம்பளமில்லாமல் அதைப் பராமரித்துவந்தார். 2022இல் மடல் குழுவில் முகம் தெரியாத சிலர் 'வேலை மெதுவாகப் போகிறது, வேறு யாரிடமாவது ஒப்படையுங்கள்' என்று அவரை நெருக்கினார்கள். 'இது சம்பளமில்லாத பொழுதுபோக்குத் திட்டம், என் மனநலமும் சரியில்லை' என்று அவர் பதில் எழுதினார். அந்த நேரத்தில் உதவிக்கு வந்ததுபோல் வந்தவர்தான் 'ஜியா டான்' என்ற பெயரில் இயங்கியவர். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாக நம்பிக்கை சம்பாதித்துவிட்டு, 2024 தொடக்கத்தில் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில், பிறர் கணினிக்குள் ரகசியமாக நுழைய ஒரு பின்வாசல் வைத்தார். ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலருக்கு, தன் கணினியில் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) உள்நுழைவு அரை நொடி தாமதமாவது உறுத்தியது. அதைத் தோண்டிக்கொண்டே போய் மார்ச் 29 அன்று உலகத்துக்குச் சொன்னார். அவருக்கு உறுத்தாமல் போயிருந்தால் அந்தப் பதிப்புகள் நிலையான லினக்ஸ் வெளியீடுகளுக்குள் போயிருக்கும்.

இதையெல்லாம் படித்த பிறகு, இருக்கிற பணத்தை நிரலருக்கே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் எந்த நிரலருக்கு என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

பல கட்டற்ற திட்டங்களுக்குத் தாய் அமைப்பான, 1999இல் தொடங்கிய அப்பாச்சி சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் நிரல் எழுத யாருக்கும் காசு கொடுப்பதில்லை. அது அவர்களின் கொள்கை. சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் குழுவுக்குச் சம்பளம் உண்டு, நிரல் எழுதுபவர்களுக்குக் கிடையாது. கூட ஐந்து பேர் சும்மா எழுதும்போது ஒருவருக்கு மட்டும் அமைப்பே சம்பளம் கொடுத்தால், மற்ற ஐந்து பேருக்கும் அமைப்புக்கும் உறவு மாறிவிடும். எந்தத் திட்டம் வாழ வேண்டும், எது வாட வேண்டும் என்பதைச் சமூகம் தீர்மானிக்காமல் அலுவலகம் தீர்மானிக்கத் தொடங்கும். நியாயமான பயம்தான். அதன் எல்லை 2021 டிசம்பரில் தெரிந்தது. மென்பொருள்கள் தங்கள் நடவடிக்கைகளைக் குறித்துவைக்கப் பயன்படுத்தும் அப்பாச்சியின் லாக்4ஜே நிரலில் ஓட்டை வெளிப்பட்டபோது, உலகமே பதறிக்கொண்டிருக்க, ராத்திரி பகல் பார்க்காமல் திருத்தியவர்கள் அதைத் தன்னார்வமாகப் பராமரித்துவந்த சிலர். வேறு வேலைக்குப் போய்க்கொண்டே செய்தார்கள்.

பைத்தான் என்ற நிரல்மொழியைப் பேணும் பைத்தான் சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் நடுவழி எடுத்தது. 2021இல் வுகாஷ் லங்காவை முழுநேர நிரலராக நியமித்தது. புதிதாக வசதிகள் சேர்ப்பதைவிட, மற்றவர்கள் அனுப்பிக் காத்துக்கிடக்கும் திருத்தங்களைப் பார்ப்பதும், பழைய குறைகளைத் தீர்ப்பதும், தன்னார்வலர்களின் வழியில் கிடக்கும் தடைகளை எடுப்பதும்தான் அவர் வேலையின் மையம். 2023இல் பாதுகாப்புக்கென்றே இன்னொருவர், சேத் லார்சன், சேர்ந்தார். இந்த அணுகுமுறை எனக்குச் சரியாகப் படுகிறது. புதிய வசதி எழுத ஆள் தானாகவே வருவார். அதில் ஆசை இருக்கிறது, பெயர் கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு வரும் பாதுகாப்புப் புகாரைத் திறந்து பார்க்கத் தன்னார்வலரைக் கட்டாயப்படுத்த முடியாது.

அது எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு நாளைச் சொல்கிறேன். பைத்தானில் எழுதுபவர்கள் 'பிப் இன்ஸ்டால்' என்று தட்டும்போது நிரல்தொகுப்புகள் வந்து இறங்குவது பைபிஐ என்ற களஞ்சியத்திலிருந்து. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட திட்டங்கள் அதில் இருக்கின்றன. 2023 மே 20, சனிக்கிழமை, புதிதாக யாரும் கணக்குத் தொடங்க முடியாதபடி அதை நிறுத்திவைத்தார்கள். தீங்கான தொகுப்புகளை ஏற்றுகிறவர்கள் அந்த வாரம் குவிந்துவிட்டார்கள். நிர்வாகிகளில் பலர் விடுப்பில் இருந்ததால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று காரணத்தை அவர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். விடுப்பு எடுத்ததில் ஒரு தவறும் இல்லை. உலகம் முழுக்க நம்பியிருக்கும் ஒரு களஞ்சியத்துக்கு, இரண்டு மூன்று பேர் லீவு போட்டால் கதவைச் சாத்த வேண்டிய அளவுக்குத்தான் ஆட்கள் இருந்தார்கள் என்பதுதான் என்னை உறுத்துகிறது. அதே ஆண்டு அங்கே பாதுகாப்புக்கென்று சம்பளத்தில் ஒருவரை நியமித்தார்கள்.

ஆகவே நிரலருக்குச் சம்பளம் கொடுக்கலாம். ஆனால் அது காவல் வேலைக்கு, புதிய வசதிக்கு அல்ல.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. பாதுகாப்பு முக்கியம் என்பதைச் சாக்காக வைத்துச் சமூகத்தைத் தாண்டிப் போகக் கூடாது. 2025 செப்டம்பரில் ரூபி சென்ட்ரல் என்ற லாப நோக்கற்ற அமைப்பு, விநியோகச் சங்கிலியின் பாதுகாப்பைக் காரணமாகச் சொல்லி, ரூபி மொழியின் நிரல்தொகுப்புகளை விநியோகிக்கும் ரூபிஜெம்ஸ் நிரலைப் பல ஆண்டுகளாகப் பராமரித்துவந்தவர்களின் அணுகலை எடுத்துவிட்டது. பெரிய மனக்கசப்பு. அக்டோபரில் ரூபி மொழியின் மூலக் குழுவே அந்த நிரல்களைப் பொறுப்பெடுக்க வேண்டியதாயிற்று. சம்பளம் கொடுப்பது அமைப்பு, நிரல் சமூகத்தினுடையது. எல்லைக்கோடு எங்கே என்பதைச் சம்பளம் கொடுக்கும் முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

மாநாடு, சந்திப்பு, நல்கை

இதற்கு முழுநேர ஆள் தேவையில்லை என்று நான் சொல்வதற்குக் காரணம் நம்மூரிலேயே இருக்கிறது. சென்னைபை என்ற பைத்தான் குழு மாதந்தோறும் கூடுகிறது. சென்னை லினக்ஸ் பயனர் குழு தொண்ணூறுகளில் தொடங்கியது. 2009 முதல் நடக்கும் பைத்தான் மாநாடான பைகான் இந்தியா 2019இல் சென்னை வர்த்தக மையத்துக்கு வந்தபோதும் அதைத் தூக்கிச் சுமந்தவர்கள் தன்னார்வலர்கள்தான். ஆள் திரட்டுவது, பேச்சாளரைப் பிடிப்பது, அரங்கம் கேட்பது போன்றவற்றையெல்லாம் மனிதர்கள் ஆசையோடு செய்கிறார்கள். ஒருவர் விலகினால் அந்த மாதச் சந்திப்பு தள்ளிப்போகும், அவ்வளவுதான் இழப்பு. கல்லூரி அரங்கம் இலவசமாகக் கிடைத்துவிட்டால் சாப்பாட்டுக்கும், வெளியூர்ப் பேச்சாளரின் ரயில் டிக்கெட்டுக்கும்தான் பணம் வேண்டும். அந்தச் சின்னத் தொகை சரியான நேரத்தில் கைக்கு வந்தால் போதும்.

எனினும் பணத்தை நிறுத்தக் கூடாது என்று அழுத்திச் சொல்கிறேன். நாளைய பராமரிப்பாளர் இன்று ஏதோ ஒரு பட்டறையில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாணவி. அவரை அங்கே கொண்டுவர வேறு வழி இல்லை. பைத்தான் அமைப்பு உலகெங்கும் இத்தகைய நிகழ்வுகளுக்கு நல்கை, அதாவது நிதியுதவி, தந்துவந்தது. 2025 ஆகஸ்டில், அந்த ஆண்டுக்கான உச்சவரம்பை எட்டிவிட்டதால் நல்கைத் திட்டத்தை இடைநிறுத்த வேண்டியிருந்தது. பெரிய குழுக்கள் வேறு ஸ்பான்சரைத் தேடிக்கொள்ளும். அடி விழுவது முதல் தடவையாக ஏதாவது செய்து பார்க்கலாம் என்று நினைத்த சின்ன ஊர்க் குழுவுக்குத்தான். நான் நிர்வாகத்தில் இருந்தால் ஆண்டுத் தொகையைக் குறைத்தாவது பன்னிரண்டு மாதத்துக்குப் பரப்பிக் கொடுப்பேன்.

மாநாட்டுக்கு இன்னொரு பக்கமும் உண்டு: அது வருமானமும்கூட. அமெரிக்காவில் நடக்கும் பைகான் பல ஆண்டுகளாகப் பைத்தான் அமைப்பின் பெரிய வரவு மூலங்களில் ஒன்று. ஆனால் 2020இல் பிட்ஸ்பர்க்கில் நடக்க வேண்டிய மாநாடு கொரோனாவால் ரத்தானது. ஸ்பான்சர் பணத்தையும் டிக்கெட்டையும் நம்பிச் சம்பளப் பட்டியல் போட்டிருக்கும் அமைப்புக்கு அப்படி ஒரு வருஷம் வந்தால் என்ன ஆகும்? மாநாட்டு லாபத்தை வழக்கமான வரவில் சேர்க்காமல், வந்தால் சேமநிதிக்கு என்று ஒதுக்குவதுதான் பத்திரம்.

கணக்கும் அலுவலகமும்

எல்லோரும் வேகமாகத் தாண்டிப்போகும் இடம் இது. நான் முதலில் வைப்பது இதைத்தான்.

ஊர்க் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் என்றால் வெளிநாட்டிலிருந்தெல்லாம் பணம் வரும், கல்வெட்டில் பெயர் பொறிக்கலாம். தினசரி விளக்குக்கு எண்ணெய் வாங்கவும் குருக்களுக்குச் சம்பளம் கொடுக்கவும்தான் தர்மகர்த்தா வீடு வீடாக அலைவார். மென்பொருள் அமைப்புகளிலும் அதே நிலைதான். 2014 நவம்பரில் குரூப்பான் என்ற தள்ளுபடிக் கூப்பன் நிறுவனம் 'நோம்' என்ற பெயரில் தன் கருவிக்கு வணிகக்குறி கேட்டிருந்ததை எதிர்க்க, அதே பெயரில் லினக்ஸுக்கான திரைமுகப்பைச் செய்துவரும் நோம் ஃபவுண்டேஷன் 80,000 டாலர் கேட்டது. மளமளவென்று பணம் வந்து சேர, அதே நாளில் குரூப்பான் பின்வாங்கியது. சண்டைக்குக் கொடுக்க மக்கள் தயாராக இருந்தார்கள். தணிக்கையாளர் கட்டணத்துக்கு யாரும் அப்படி ஓடி வந்து கொடுத்து நான் பார்த்ததில்லை.

அதே நோம் அமைப்பு, அதே 2014இல், சில மாதங்களுக்கு முன் தத்தளித்துக்கொண்டிருந்தது. கட்டற்ற மென்பொருளுக்குள் பெண்களைக் கொண்டுவர ஒரு பயிற்சித் திட்டத்தை அது நடத்திவந்தது. அருமையான திட்டம், மளமளவென்று வளர்ந்தது. பயிற்சி பெறுபவர்களுக்குக் குறித்த தேதியில் உதவித்தொகை கொடுத்தாக வேண்டும். ஆனால் அதற்குப் பணம் தருவதாக ஒப்புக்கொண்ட நிறுவனங்களின் பணம் வந்து சேரத் தாமதமானது. நடுவில் உள்ள இடைவெளியை நோம் தன் கையிருப்பைக் கொண்டு நிரப்பியது. ஏப்ரலில் கையிருப்பு வற்றிப்போக, அத்தியாவசியமில்லாத செலவையெல்லாம் நிர்வாகக் குழு நிறுத்திவைத்தது. யாரும் திருடவில்லை, நஷ்டமும் இல்லை. வர வேண்டிய பணம் வந்துகொண்டுதான் இருந்தது. எந்தத் தேதியில் எவ்வளவு வரும், எவ்வளவு போகும் என்பதை ஒருவர் வாரம் ஒரு முறை உட்கார்ந்து பார்த்திருந்தால் முன்கூட்டியே தெரிந்திருக்கும். அந்தத் திட்டம் பிறகு அவுட்ரீச்சி என்ற பெயரில் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்ற அமைப்புக்குப் போய்த் தொடர்ந்து நடந்தது.

பத்து வருஷம் கழித்து, 2024இல், மறுபடியும் நெருக்கடி. 2018இல் நோமுக்குப் பெரிய நன்கொடைகள் வந்தன. ஆட்களை எடுத்தார்கள், வேலைகளை விரித்தார்கள். அந்தப் பணம் கரைந்தபோது, அதற்கு ஈடாக நிரந்தர வரவு உண்டாகியிருக்கவில்லை. மூன்று ஆண்டுகள் பற்றாக்குறையிலேயே ஓடிவிட்டு, 2024 அக்டோபரில் ஊழியர்கள் இருவரை அனுப்ப வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் 2023இல்தான் ஜெர்மனி அரசின் சாவரின் டெக் ஃபண்ட் பத்து லட்சம் யூரோ ஒதுக்கியிருந்தது. ஆனால் அது குறிப்பிட்ட நிரல் வேலைகளுக்கான பணம். அதை எடுத்து அலுவலகச் சம்பளம் போட முடியாது. ஒரு பக்கம் பெரிய தொகை, மறுபக்கம் ஆட்குறைப்பு. வெளியிலிருந்து பார்த்தால் புரியாது, கணக்குப் புத்தகத்தில் இரண்டும் வெவ்வேறு பத்தி.

இந்த வேலையில் என்னென்ன இருக்கிறது என்பதையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். அமெரிக்க அமைப்பு என்றால் ஆண்டுதோறும் வருமான வரித் துறைக்குப் படிவம் 990. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தாக்கல் செய்யாவிட்டால் வரிவிலக்குத் தானாகவே ரத்தாகும். வணிகக்குறியைக் காலத்தில் புதுப்பிக்க வேண்டும். இணைய முகவரிகள் யார் பெயரில், யாருடைய கிரெடிட் கார்டில் இருக்கின்றன என்று தெரிந்திருக்க வேண்டும். கோயம்புத்தூரில் உட்கார்ந்து அந்த அமைப்புக்கு ஒப்பந்த வேலை பார்ப்பவருக்குப் பணம் போக வேண்டுமென்றால் அவர் அமெரிக்கர் அல்ல என்று காட்டும் டபிள்யூ-8பென் படிவம் வாங்க வேண்டும், இங்கே அவருடைய வங்கி பணம் எதற்கு வந்தது என்பதைக் குறிக்கும் பர்பஸ் கோடு கேட்கும், அதற்குச் சான்றும் கேட்கும். இரண்டு பக்கமும் பொறுமையாகப் பதில் சொல்ல ஒருவர் வேண்டும்.

இந்தியாவில் பதிவுசெய்த அமைப்பென்றால் இன்னும் கடினம். வெளிநாட்டு நன்கொடை வாங்க, அதை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டப்படி பதிவோ முன்அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் டெல்லியிலுள்ள ஸ்டேட் பேங்கின் தலைமைக் கிளைக் கணக்குக்குத்தான் வந்து சேர வேண்டும். பதிவை ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். ஆர்வத்தில் வந்த ஒரு நிரலரைப் பொருளாளர் நாற்காலியில் உட்கார வைத்து, 'ராத்திரி வேலை முடிந்து வந்து இதையும் பார்த்துக்கொள்' என்று சொல்வது அவருக்குச் செய்யும் அநியாயம். அவர் சோர்ந்து விலகும்போது பில்களெல்லாம் அவர் மின்னஞ்சலில், வங்கிக் கடவுச்சொல் அவர் தலையில்.

என் கேள்வியை இங்கே போட்டுப் பாருங்கள். நிரலர் விலகினால் ஒரு திட்டம் அடிபடும். சந்திப்பு நடத்துபவர் விலகினால் ஓர் ஊர் அடிபடும். கணக்கு பார்ப்பவர் விலகினால் அமைப்பின் கீழுள்ள எல்லாமே ஒரே நேரத்தில் நின்றுபோகும், நிரலரின் சம்பளம் உட்பட.

நிதி திரட்டல்

தனியாக ஒருவரை எடுத்தால் அவர் தன் சம்பளத்தைப் போலப் பல மடங்கு கொண்டுவருவார் என்பது வாதம். நடக்கலாம். ஆனால் எங்கிருந்து கொண்டுவருகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரைச் செய்யும் மோசில்லாவைவிட நல்ல உதாரணம் இல்லை. ஃபயர்ஃபாக்ஸில் கூகுளை இயல்புத் தேடுபொறியாக வைப்பதற்குக் கூகுள் தரும் பணம்தான் அதன் வரவில் பெரும்பகுதி. 2024 ஆகஸ்டில் தேடலில் கூகுள் சட்டவிரோத ஏகபோகம் நடத்துகிறது என்று அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தகைய பணத்தை நிறுத்தச் சொல்வார்களோ என்று, தான் கட்சியாகவே இல்லாத வழக்கில், மோசில்லா ஒரு வருஷத்துக்கு மேல் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. 2025 செப்டம்பரில் நீதிபதி அதற்கு முழுத்தடை விதிக்கவில்லை. விதித்திருந்தால்?

இதற்கு நேர் எதிரான காட்சியைப் பைத்தான் அமைப்பில் பார்த்தோம். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் பைபிஐ பாதுகாப்புக்காக 15 லட்சம் டாலர் நல்கைக்கு விண்ணப்பித்து, அது பரிந்துரையும் ஆகிவிட்டது. அப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 50 லட்சம் டாலரில், 14 பேரை வைத்து நடந்த அமைப்புக்கு அது சின்னத் தொகை இல்லை. ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை: பன்முகத்தன்மை, சமத்துவம், உள்ளடக்கம் ஆகியவற்றை முன்னெடுக்கும் எந்தத் திட்டத்தையும் அமைப்பு நடத்தக் கூடாது. நல்கைப் பணத்தில் மட்டுமல்ல, அமைப்பின் எந்த வேலையிலும். மீறினால் கொடுத்து முடித்த பணத்தையும் திரும்பக் கேட்கலாம். செலவழித்த பணத்தைத் திருப்பிக் கேட்டால் அமைப்பு படுத்துவிடும். 2025 அக்டோபரில் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார்கள். எனக்கு அந்த முடிவின் மேல் மிகுந்த மரியாதை உண்டு. அப்படி மறுக்க, அந்தப் பணம் இல்லாமலும் அடுத்த மாதச் சம்பளம் போட முடியும் என்று கணக்கைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும்.

நிதி திரட்டும் வேலையில் பாதி கணக்கு ஒழுங்காக இருந்தாலே நடந்துவிடுகிறது என்பதும் என் எண்ணம். 2024 அக்டோபரில் பெங்களூருவின் ஸெரோதா என்ற பங்குத் தரகு நிறுவனம், கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கு உதவ ஃபிளாஸ் ஃபண்ட் என்று ஒன்றைத் தொடங்கியது. ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர், ஒரு திட்டத்துக்குப் பத்தாயிரத்திலிருந்து ஒரு லட்சம் டாலர் வரை. தங்களுக்கு எவ்வளவு வேண்டும், எதற்கு வேண்டும் என்பதை ஒரு சின்னக் கோப்பில் எழுதித் தங்கள் தளத்தில் வைக்கச் சொல்கிறார்கள். நம் நாட்டு நிறுவனம் ஒன்று, தான் பயன்படுத்தும் நிரலுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று இறங்கியதில் எனக்குப் பெருமை. அந்தக் கோப்பை நிரப்ப நிதி திரட்டும் நிபுணர் வேண்டாம். போன ஆண்டுச் செலவு என்ன என்று கேட்டால் உடனே பதில் சொல்லத் தெரிந்த ஒருவர் போதும்.

ஒரு சம்பளத்துக்கே பணம் இல்லையென்றால்

பெரும்பாலான திட்டங்களின் நிலைமை இதுதான். அவர்கள் தனி அமைப்பே தொடங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வங்கிக் கணக்கும் வரிவிலக்கும் உள்ள தாய் அமைப்பு ஒன்றின் குடையின் கீழ் போய்ச் சேர்ந்தால், கணக்கர் சம்பளத்தை எல்லோரும் பங்கு போட்டுக்கொண்டதாக ஆகும்.

இரண்டு பழைய பெயர்களை ஒப்பிடலாம். 1997இல் டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டுக்காகத் தொடங்கிய சாஃப்ட்வேர் இன் தி பப்ளிக் இன்ட்ரஸ்ட், வரும் நன்கொடையில் 5 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. பணத்தை வைத்துக்கொள்ளும், சொன்ன இடத்துக்குக் கொடுக்கும், உங்கள் திட்டத்தை எப்படி நடத்துகிறீர்கள் என்பதில் தலையிடாது. உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் தன்னார்வ நிர்வாகக் குழு நடத்துவதால், எல்லாம் அவர்கள் நேரம் கிடைக்கும்போதுதான் நகரும். 2006இல் தொடங்கிய சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி 10 சதவீதம் எடுக்கும். கிட், இங்க்ஸ்கேப், சாம்பா போன்ற பெயர்பெற்ற திட்டங்களெல்லாம் அங்கே உண்டு. சம்பளத்தில் ஊழியர்கள் இருக்கிறார்கள், ஒப்பந்தம் போட, வணிகக்குறி காக்க, தேவைப்பட்டால் உரிமத்துக்காக நீதிமன்றம் போகவும் துணை நிற்பார்கள்; 2021இல் விஸியோ டிவி நிறுவனத்தின் மேல் அவர்களே வழக்குப் போட்டார்கள். ஆண்டுக்கு நாலைந்து செலவுகளும் ஒரு சர்வர் வாடகையும் மட்டும் உள்ள திட்டத்துக்கு முதலாவது தாராளம். ஒப்பந்தத்தில் ஆள் வைக்கிறீர்கள், மாநாடு நடத்துகிறீர்கள், உங்கள் பெயரை யாரோ பயன்படுத்துகிறார்கள் என்றால் கூடுதல் 5 சதவீதம் கொடுத்து இரண்டாவதுக்குப் போங்கள். அந்த வேலைகளைத் தனியே செய்ய ஆகும் செலவோடு பார்த்தால் மிகக் குறைவு.

எதில் சேர்ந்தாலும், ஒப்பந்தத்தில் வெளியேறுவது பற்றிய பகுதியை முதலில் படியுங்கள். 2024 பிப்ரவரியில் ஓப்பன் கலெக்டிவ் ஃபவுண்டேஷன் என்ற இத்தகைய தாய் அமைப்பு அந்த ஆண்டு முடிவுக்குள் தன்னைக் கலைத்துக்கொள்வதாக அறிவித்தபோது, அதன் கீழிருந்த நூற்றுக்கணக்கான குழுக்கள் சில மாதங்களுக்குள் வேறு இடம் தேட வேண்டியிருந்தது. திட்டத்தின் பெயர், இணைய முகவரி, மீதிப் பணம் மூன்றும் நம்மோடு வருமா, எத்தனை நாளில் வரும், யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பது கையில் எழுத்தாக இருக்க வேண்டும். கையெழுத்துப் போடக்கூடியவர்கள் குறைந்தது இரண்டு பேராக, வெவ்வேறு ஊரில், வெவ்வேறு நிறுவனத்தில் இருப்பவர்களாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.